லென்ஸ் இல்லாமல் எடுத்த படங்கள்

துளசிராமன் மூன்று வருடங்களில் நாலாயிரம் படங்களுக்கு மேல் எடுத்திருந்தார். அவற்றில் மனித முகம் தெரிகிற படங்கள் நான்கு. அந்த நான்கிலும் யாரோ தெரியாமல் குறுக்கே வந்துவிட்டவர்கள்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. வந்து விழுகிற பேரிங் ஊசிகளை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை தடித்தாலும் சிவப்பு முத்திரை குத்திக் கூடையில் எறிய வேண்டும். எட்டு மணி நேரம் இதைச் செய்துவிட்டு வீடு திரும்பினால் கை சும்மா இருக்காது. தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரம் ஒரு பக்கம் தடித்திருப்பதாக மனைவி சுமலதாவிடம் சொல்வார். அவள் ரிஜெக்ட் ஆன தோசையைத் திரும்ப அவர் தட்டிலேயே போடுவாள்.

2006இல் துபாயிலிருந்து வந்த மைத்துனன் ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். அதனுடன் ஒரு பிளாஸ்டிக் லென்ஸும் வந்தது. தானே குறி பார்க்கும், தானே வெளிச்சம் அளக்கும், பட்டனை அழுத்தினால் படம் விழும். இவ்வளவு சுலபமாக வருகிற ஒன்றில் தரம் எப்படி இருக்க முடியும் என்று துளசிராமனுக்குச் சந்தேகம் வந்தது. இணையத்தில் தேடினார். அங்கே இவரைப் போலவே சந்தேகப்படுகிற ஒரு கூட்டம், உலகம் முழுக்கப் பரவி, பழைய லென்ஸ்களைப் புதிய கேமராவில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றோடு பிளாஸ்டிக் லென்ஸ் பரணுக்குப் போனது.

பொன்னேரி கடைத்தெருவில் ஷாகிர் என்ற பழவேற்காட்டு வியாபாரி, உருக்காலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பழைய இரும்புக் கன்டெய்னர்களில் கிடைக்கும் விசித்திரங்களைத் தனியாகப் பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தார். தையல் மிஷின் தலை, கப்பல் மணி, நின்றுபோன சுவர்க்கடிகாரம், இவற்றுக்கு நடுவில் ஒரு லென்ஸ் கிடந்தது.

"இன்னா பாய், இது வேலை செய்யுமா?"

"ஜெர்மன் மாலுண்ணே. கையில புட்ச்சிப் பாரு, கல்லு மாதிரி கனக்கும்."

"எந்த ஜெர்மனி? இதுல கிழக்குன்னு போட்டுக்குதே."

"ஆமா, கிழக்கு. அந்த நாடே இப்ப இல்லண்ணே. ரிப்பேர்னு சொல்லிக்கினு எவங்கிட்டயும் போய் நிக்க முடியாது. பேஜாரே இல்லாத மாலு."

ஷாகிர் அதைத் தராசில் வைத்தார். எடைக்குத்தான் விலை.

கேமராவின் வாய் ஒரு அளவு, லென்ஸின் மரை வேறொரு அளவு. நடுவில் வைக்க ஒரு வளையம் வேண்டும். கம்பெனி லேத்தில் கழிவு அலுமினியத்தைக் கடைந்து துளசிராமனே செய்துகொண்டார். ஒன்பது வளையங்களை ரிஜெக்ட் செய்தார். பத்தாவது பொருந்தியது.

இந்த லென்ஸில் எல்லாம் கையால். வளையத்தைத் திருப்பித் திருப்பிக் குறியைக் கூராக்க வேண்டும். வெளிச்சம் நுழையும் துவாரத்தைத் தனியே இன்னொரு வளையத்தால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டும். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு அவரை நம்பிப் போட்டோக்காரரைச் சொல்லாமல் விட்டார்கள். துளசிராமன் குறியைக் கூராக்கி முடித்தபோது காது குத்தி, குழந்தை அழுது, அழுகை ஓய்ந்து, முதல் பந்தியில் பாயசம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர்கள் இந்த லென்ஸுக்குத் தகுதியானவர்கள் அல்ல என்று அவர் முடிவு செய்தது அன்றுதான்.

அவர் தேடியது அசையாத ஒன்றை. அது அவர் வயலுக்குப் போகும் வழியிலேயே இருந்தது. ஊருக்கு வெளியே வேறொரு கம்பெனி. அதன் மதில் ஒரு செங்கல் தூணோடு முடியும். தூணின் காலடியில் ஒரு எல்லைக்கல். கல்லைத் தாண்டிப் பன்னிரண்டு அடி அகலத்தில் வண்டிப்பாதை, அதற்கப்பால் வாய்க்கால். கம்பெனிக்குப் பின்னாலிருந்த துளசிராமனின் இரண்டு ஏக்கர் நெல்லுக்கு அந்தப் பாதையை விட்டால் வேறு வழி கிடையாது.

கல்லில் உளியால் கொத்திய அம்புக்குறி ஒன்று இருந்தது. குறி பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு முக்காலியோடு போவார். துவாரத்தை முழுக்கத் திறந்து ஒரு படம், கொஞ்சம் மூடி ஒரு படம், இன்னும் மூடி ஒன்று என்று ஏழு நிலைகள். சந்தேகத்துக்கு ஒவ்வொன்றையும் நான்கு தடவை. பிறகு வீட்டுக்கு வந்து, அம்புக்குறியின் ஓரத்தை நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மூலைகளிலும் கூர்மை அபாரம்" என்று ஆங்கிலத்தில் இணையத்தில் எழுதுவார். பல்கேரியாவிலிருந்து ஒருவர் பாராட்டுவார்.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிய போட்டோ புடிக்கிறான். இவரு கல்ல புடிக்கிறாரு" என்பாள் சுமலதா.

"கல்லு அசையாது சுமா."

"நானுந்தான் பன்னண்டு வருசமா அடுப்பாண்ட அசையாம நிக்கிறேன். எம்மேல எந்தக் குறியும் வெக்கிலியே."

உண்மை என்னவென்றால், கல் அசைந்துகொண்டிருந்தது.

2008இல் மூன்று தடவையாக, தடவைக்கு இரண்டடி கணக்கில், அது தூணை விட்டு வாய்க்கால் பக்கம் நகர்ந்தது. ஊசியில் மயிரிழைத் தடிப்பைக் கண்டுபிடிக்கிற துளசிராமனுக்கு ஆறடி தெரியவில்லை. அவர் கண் அம்புக்குறியை விட்டு எங்கும் போகாது. கல் நகர்ந்தபோதெல்லாம் அவரும் முக்காலியைத் தூக்கி அதற்கு நேராக நகர்த்தி வைத்துக்கொண்டார். பின்னணி மாறியிருக்கிறதே என்று பல்கேரியாக்காரர் ஒருமுறை கேட்டார். பின்னணி மங்கலாகக் கரைவதுதான் இந்த லென்ஸின் அழகு என்று துளசிராமன் பதில் எழுதினார்.

2009 பொங்கல் முடிந்த வாரம், நகர்ந்த கல்லிலிருந்து கயிறு கட்டி, கம்பெனி புது மதிலுக்குக் கடைக்கால் தோண்டத் தொடங்கியது. மிச்சமிருந்த பாதை ஆறடி. வயலில் நெல் முற்றித் தலை சாய்ந்திருந்தது. ஆள் வைத்து அறுக்கலாம் என்றால் ஊரில் ஆள் இல்லை, எல்லோரும் சிப்காட்டுக்குள் ஷிப்டில் இருந்தார்கள். அறுப்பு மிஷின் வந்தால்தான் உண்டு. அதற்குப் பத்தடி வேண்டும். பத்து நாள் தாண்டினால் நெல் வயலிலேயே உதிர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவள் சுமலதா.

"இன்னாங்க, இங்க வாங்க. உங்க கல்லு நடந்துக்கினு போவுது."

முதல் வருடப் படங்களில் கல் தூணை ஒட்டி நின்றது. பிறகு நடுவில் இரண்டடி புல். பிறகு தூணே இல்லை, வாய்க்கால் கரை. துளசிராமன் மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆனா ஷார்ப்னஸ் மூணுத்துலயும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார். சுமலதா அவரைப் பார்த்த பார்வையை எந்த லென்ஸும் தாங்கியிருக்காது.

தாலுகா ஆபீஸில் துணை தாசில்தார் ஆதிகேசவன் மனுவை வாங்கிக்கொண்டார். நிலத்தை முறையாக அளக்க மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை பாதை யாருக்கு என்று மட்டும் இரு தரப்பையும் கேட்டுவிட்டு உத்தரவு போடுவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை கம்பெனி தரப்பில் அட்மின் மேனேஜர் யேசுதாஸ் மடிக்கணினியோடு வந்தார். இவர்கள் தரப்பில் துளசிராமன், சுமலதா, ஒரு குறுந்தகடு, கறுப்புப் பையில் கேமரா. பரணிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் லென்ஸும் பையில் இருந்தது. சுமலதா அவருக்குத் தெரியாமல் போட்டது.

யேசுதாஸ் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒரு படத்தின் மேல் சொடுக்கி, அதன் விவரப் பட்டியலைத் திறந்து திரையை ஆதிகேசவன் பக்கம் திருப்பினார்.

"சார், படம் எடுத்த கேமரா எதுன்னு இதுல இருக்கு. ஆனா லென்ஸ் நீளம் பாருங்க, பூஜ்யம். துவாரம், பூஜ்யம். லென்ஸே இல்லாம ஒருத்தர் நாலாயிரம் படம் எடுத்திருக்கார். எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது."

ஆதிகேசவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இன்னாப்பா துளசி, லென்ஸ் இல்லாம எடுத்தியா?"

"சார், இது நாப்பது வருசத்துக்கு முந்தின லென்ஸு. கம்ப்யூட்டரோட பேசத் தெரியாது. அதான் பூஜ்யம்னு விழுது."

துளசிராமன் கேமராவை எடுத்து ஆதிகேசவனையே ஒரு படம் எடுக்க முனைந்தார். குறி கூராவதற்குள் ஆதிகேசவன் இரண்டு கோப்புகளில் கையெழுத்துப் போட்டு, ஒரு போன் பேசி, டீ குடித்தார். படம் விழுந்தது. மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் பூஜ்யம்.

"அப்ப நானும் லென்ஸ் இல்லாம விழுந்துட்டேன்" என்றார் ஆதிகேசவன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் இருந்த பீரோ, ஒட்டடை, கோப்புக் குவியல் எல்லாம் கரைந்து, அவர் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. "நல்லாத்தான் இருக்குது."

யேசுதாஸ் விடவில்லை. "சரி சார், லென்ஸ் இருக்கட்டும். தேதி? கேமராவுல தேதிய நாமளே மாத்தி வெக்கலாம். கல்லு மொதல்ல வாய்க்காலாண்ட இருந்துது, நேத்து இவங்க தூணாண்ட நகத்தி எடுத்துட்டு, 2006ன்னு போட்டுக்கினாங்க."

"அதுவும் சரிதான். எங்க ஊட்டு விசிடி பிளேயர்ல இன்னும் 2001தான் ஓடுது" என்றார் ஆதிகேசவன். பேனாவை மூடினார்.

"சார், ஒரு நிமிசம்." சுமலதா திரையில் விரலை வைத்தாள். "இந்த இடத்துல இன்னா சார் அழுக்கு? எல்லாப் படத்துலயும் இதே மூலைல இருக்குது. மொதல்ல கடுகாட்டம். அப்புறம் மொளகாட்டம். இப்ப கொட்டப்பாக்கு சைஸுக்கு ஆயிட்டுது."

துளசிராமனின் முகம் வெளுத்தது.

அது என்னவென்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இணையத்தில் படம் போடும்போதெல்லாம் அந்த மூலையை வெட்டிவிட்டுத்தான் போட்டார். ஈரம் படாமலிருக்க லென்ஸை அரிசிக்குள் வைக்கலாம் என்று அங்கே யாரோ எழுதியிருந்தார்கள். வீட்டில் நெல் இருக்கும்போது அரிசி எதற்கு என்று துளசிராமன் அதை நெல் மூட்டைக்குள் புதைத்து வைத்தார். அறுத்துச் சரியாகக் காயாத புது நெல். உள்ளே இருந்த கண்ணாடியில் அது தன் வேலையைக் காட்டியது. சக ஊழியர்களின் கேமராக்களை எல்லாம் பொம்மை என்று சொன்ன வாய் அவருடையது. தன் லென்ஸில் ஒரு தூசி கிடையாது என்று பல்கேரியாக்காரரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். குறை உள்ள பொருளை மறைப்பவனைப் பற்றி அவர் தன் கம்பெனிக் கூட்டத்தில் உரையாற்றியிருக்கிறார்.

"சொல்லுப்பா" என்றார் ஆதிகேசவன்.

துளசிராமன் சுமலதாவைப் பார்த்தார். அவள் கண்ணில் இருந்தது நெல்.

"பூசணம் சார்."

"இன்னாது?"

"லென்ஸுக்குள்ள பூசணம் புட்ச்சிருக்கு. மூணு வருசமா வளருது. பூசணம் வளரத்தான் சார் செய்யும், சுருங்காது. கடுகா இருந்தப்போ எடுத்த படத்துல கல்லு தூணாண்ட இருக்குது. மொளகாட்டம் இருந்தப்போ நடுவுல. பாக்கா ஆனப்புறம்தான் வாய்க்காலாண்ட. தேதிய மாத்தலாம் சார். பூசணத்த மாத்த முடியாது."

"தொடச்சிட்டு எடுத்திருந்தா?" என்றார் யேசுதாஸ்.

"உள்கண்ணாடி சார். தொடைக்க முடியாது. காம்பஸ் முள்ளால தொறந்து நானே ட்ரை பண்ணிப் பாத்துட்டேன்."

அது இரண்டாவது வாக்குமூலம்.

"அழுக்கு கேமராவுலயே இருக்கலாம் சார்" என்று யேசுதாஸ் கடைசியாக ஒன்று போட்டுப் பார்த்தார். சுமலதா பையிலிருந்து பிளாஸ்டிக் லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். துளசிராமன் அதை இடது கையால் தொட்டார். ஆபீஸின் வெள்ளைச் சுவரை இந்த லென்ஸில் ஒன்று, அந்த லென்ஸில் ஒன்று எடுத்தார்கள். பிளாஸ்டிக் லென்ஸ் எடுத்த சுவர் சுத்தமாக இருந்தது. ஜெர்மன் லென்ஸ் எடுத்த சுவரின் மூலையில் கொட்டைப்பாக்கு.

ஆதிகேசவன் உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். "மனுதாரரின் லென்ஸ் முற்றிலும் பூசணம் பிடித்தது என்பது ஐயமற நிரூபணம் ஆவதால், கல் தூணின் அருகிலேயே இருந்ததாகக் கொண்டு, பன்னிரண்டு அடிப் பாதையை உடனே திறந்துவிட..."

"சார்" என்றார் துளசிராமன்.

"இன்னாப்பா? உனக்குத்தானே சாதகமா போட்டுக்கினு இருக்கேன்."

"அந்த 'முற்றிலும்' வேணாம் சார். ஒரு மூலைலதான். பரப்பளவுல நாலு சதவீதம் வராது. 'ஓரளவு'ன்னு போட்டா சரியா இருக்கும்."

ஆதிகேசவன் நிமிர்ந்தார். "ஓரளவு பூசணம்னா ஓரளவு பாதைதான். எப்படி, ஏழடி போதுமா?"

யேசுதாஸ் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். சுமலதா கணவரின் காலை மிதித்தாள்.

"முற்றிலும்னே இருக்கட்டும் சார்" என்றார் துளசிராமன். கையெழுத்துப் போட்டார். அரசு முத்திரை குத்தியபோது கண்ணை மூடிக்கொண்டார். முத்திரை சிவப்பு.

மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்து, பள்ளத்தை மூடி, கல்லைத் தூணடிக்கு நகர்த்தினார்கள். அறுப்பு மிஷின் தெருமுனையில் திரும்பி, புகை கக்கிக்கொண்டு பாதைக்குள் நுழைந்தது. சுமலதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்தாள். "வா, வா, வா... லெப்ட்ல ஒடி... தூணப் பாத்து, தூணப் பாத்து!" டிரைவர் இருபக்கமும் எட்டிப் பார்த்தார். பக்கத்துக்கு ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது.

பின்னால் துளசிராமன் உத்தரவு நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். மிஷின் தூணைத் தாண்டியதும் சுமலதா நின்று மூச்சு வாங்கினாள்.

"இன்னாங்க, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு வர்றீங்க? நெல்லு வரப்போவுது."

"நாலு சதவீதம் சுமா. நாலு. அந்தாளு அளக்கவே இல்ல."

"சரி, போய்க் கோணிய எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வயலுக்குள் இறங்கினாள்.