கூட்டாளி என்று எழுதினேன்

சமூகப்பணி படித்த பிள்ளைகள் இப்போதும் என்னைத் தேடிக்கொண்டு ஆவடிக்கு வருகிறார்கள். வழி தவறிப் போகிற சிறுவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசையாம். என்ன பரீட்சை எழுத வேண்டும், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். நானும் காபி கொடுத்து, தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். அவர்கள் போன பிறகு எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். முகத்தில் அத்தனை நல்லெண்ணம். என் முகத்திலும் ஒரு காலத்தில் அது அப்பிக்கொண்டுதான் கிடந்தது.

எண்பதுகளின் பின்பாதியில் நான் நன்னடத்தை அலுவலராகச் சேர்ந்தேன். போலீஸ் ஒரு சிறுவனைப் பிடித்தால் நான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். தாய் தகப்பன் என்ன செய்கிறார்கள், பையன் படித்தானா, யாரோடு சுற்றுகிறான் என்றெல்லாம் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வார். ஒன்று, எங்கள் மேற்பார்வையில் வீட்டோடு விடுவார். இல்லையென்றால் பதினெட்டு வயது முடிகிற வரைக்கும் அரசாங்கப் பள்ளிக்கு அனுப்புவார். பள்ளி என்று பெயர்தான். எந்தப் பள்ளிக்கூடத்து மதிலுக்கு மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அப்பா ஆவடி படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் மகள் அதிகாரியாகிவிட்டாள் என்று அவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் கர்வம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் என் எல்லை. மின்சார ரயிலில் ஏறி இறங்கி, மீதியை நடந்தே முடித்து, நசரத்பேட்டை வரைக்கும் போய் வருவேன். விசாரிக்கப் போகிற வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். 'இன்னாம்மா, நீ கோர்ட்டு ஆளா?' முதல் ஆறு மாதம் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆத்தாளையும் சாமியையும் அவர்கள் 'நீ' என்றுதான் பேசுகிறார்கள் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

என் அறிக்கைகளுக்கு ஆபீசில் நல்ல பெயர். மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழாமலே, போன மாதத்து அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். நான் அப்படியில்லை. தாய் சொன்னதைத் தாய் சொன்ன சொல்லிலேயே எழுதுவேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: சொந்தச் சரக்கைச் சேர்க்காதே, அவர்கள் வார்த்தையை அப்படியே கொடு. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

சேர்ந்து இரண்டாவது வருடம் அந்த அம்பத்தூர்ப் பையன் வந்தான். பதினைந்து வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். ஒரு மாலை, வேலை விட்டு வரும்போது கூடப் பழகிய இரண்டு பேர் வழியில் நிறுத்தி, சைக்கிளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இவனும் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் பக்கத்துப் பட்டறையின் சுவர் ஏறிக் குதித்து, பித்தளைத் துண்டுகளைக் கோணியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாட்ச்மேன் கத்தினார். 'ஓடுடா' என்றார்கள், இவனும் ஓடினான். மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். மற்ற இருவருக்கும் ஏற்கெனவே வழக்கு இருந்தது. இவன் போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்தது அதுதான் முதல் தடவை.

நான் அவன் வீட்டுக்குப் போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓலைக் கூரை வீடு. பேட்டை வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் நாற்று நட்டவள் அவன் அம்மா. இப்போது அதே இடத்தில் ஒரு தொழிற்சாலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லை. ஒரே பிள்ளை. பையன் எப்படி என்று கேட்டேன். தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான், தன் தட்டைத் தானே கழுவுவான் என்றெல்லாம் சொன்னாள். அந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன்.

"அவனுங்க ரெண்டு பேரும் இவனோட கூட்டாளிங்கம்மா. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாத்தான் வெளாடிகினு கெடந்தானுங்க. சைக்கிளப் புடின்னா புடிக்க மாட்டானா, சொல்லு. கூட்டாளி கேட்டா இன்னா பண்ணுவான்?"

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் கூட்டாளி என்றால் சிநேகிதன். எங்கள் வீட்டில் சேக்காளி என்போம், அவர்கள் கூட்டாளி என்பார்கள், அவ்வளவுதான். நானும் அதே ஊரில் வளர்ந்தவள்தானே. சிநேகிதன் என்றுதான் காதில் வாங்கிக்கொண்டேன். கை மட்டும் அவள் சொன்ன சொல்லை அப்படியே நோட்டில் இறக்கியது.

லேத் பட்டறை முதலாளியையும் பார்த்தேன். எண்ணெய்க் கறையோடு வெளியே வந்து, பையனின் கை நல்ல கை, அளவு பார்க்க ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டான், வெளியே விட்டால் நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன், நாள் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள், வேலை காத்திருக்கிறது. மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். கடைசியில், சிறுவனைத் தாயாரிடமே ஒப்படைக்கலாம் என்று பரிந்துரையும் செய்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'மேற்படி இருவரும் தன் மகனின் நெடுநாளைய கூட்டாளிகள் என்று தாயார் ஒப்புக்கொண்டார்.' அந்த வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஒப்புக்கொண்டார் என்று ஏன் எழுதினேன்? எங்கள் ஆபீஸ் தமிழில் யாரும் எதையும் சொல்வதில்லை. தெரிவிப்பார்கள், அல்லது ஒப்புக்கொள்வார்கள். பழக்கதோஷம். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. நாசமாய்ப் போன அழகு.

விசாரணை நாளன்று மாஜிஸ்திரேட் என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படி நேரில் போய் விசாரித்து எழுதுகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தக் கோர்ட்டில் வக்கீல் வருவது குறைவு. ஒரு மேஜை, சில நாற்காலிகள், கைகட்டி நிற்கிற பையன், மூலையில் அம்மா. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது, சந்தோஷத்தில். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். போலீஸ் கொடுத்த காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் 'கூட்டாளிகளுடன் சேர்ந்து' என்று ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருந்தார். போலீஸ் தமிழில் கூட்டாளிக்கு ஒரே அர்த்தம்தான், கூட நின்று திருடியவன். பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் அதுதான் அர்த்தம். இரண்டு காகிதத்திலும் ஒரே சொல். ஒன்று போலீஸ் எழுதியது, இன்னொன்று பெற்ற தாய் ஒப்புக்கொண்டது.

அவர் தலையை நிமிர்த்தி அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் உன் மகனின் கூட்டாளிகள்தானா என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. கூட்டாளிங்கதான். ரொம்ப நாளா."

அவள் முகத்தில் அப்போது ஒரு தெளிவு வந்தது. அய்யா சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார், பிள்ளை வெறும் சிநேகத்துக்காகத்தான் நின்றான் என்று புரிந்துகொண்டார் என்று நினைத்தாள்.

எனக்கு அந்த நொடியில்தான் மண்டையில் உறைத்தது. எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அய்யா, அவர்கள் பேச்சில் அதற்குச் சிநேகிதன் என்று அர்த்தம், நான் எழுதியது தப்பு. அவ்வளவுதான். வாய்வரை வந்தது. ஆனால் இப்போதுதானே பாராட்டினார்? அதே மேஜைக்கு முன்னால் எப்படி என் அறிக்கையை நானே கிழிப்பது? அரசாங்க வேலையில் எனக்கே தகுதிகாண் பருவம் முடியவில்லை. பையன்களின் நன்னடத்தையைப் பார்க்க வந்தவள், என் நன்னடத்தைச் சான்றிதழுக்குக் காத்திருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த மூன்று பேரையும் ஒரே இடத்தில் திரும்பவும் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததுதானே என்றார் மாஜிஸ்திரேட். என் பரிந்துரையைப் பற்றி, இளகிய மனசு உங்களுக்கு என்று சிரித்தபடியே சொன்னார். பதினெட்டு வயது முடியும் வரை என்று உத்தரவானது. பையன் அழவில்லை. அம்மாதான் ஒன்றும் புரியாமல் யார் முகத்தைப் பார்ப்பது என்று தேடி, கடைசியில் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் என் மேலதிகாரியிடம் போய், கூடுதலாக ஒரு குறிப்பு எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பென்சிலால் காது குடைந்துகொண்டே, எதற்கு வீண் வம்பு, எழுதினால் முதலில் உன்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள், அவர்கள் வேண்டுமானால் மேலே போகட்டும் என்றார். பெருக்குகிற பொம்பளை மேல்முறையீட்டுக்குப் போவாளாம். அப்போதும் நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வருடக் கடைசியில் என் வேலை உறுதியானது. உறுதி செய்கிற காகிதத்தில், அறிக்கைகள் நேர்மையாகவும் விரிவாகவும் உள்ளன என்று போட்டிருந்தார்கள். அப்பா அதைப் படித்துவிட்டுக் குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அதன் பிறகு நான் எவ்வளவோ அறிக்கை எழுதினேன். கூட்டாளி என்ற சொல்லை எங்கேயும் எழுதவில்லை. பெரிய பரிகாரம்! அந்தப் பையனுக்கு அதனால் என்ன ஆயிற்று? பள்ளியில் அவனுக்குத் தையல் கற்றுக் கொடுத்தார்கள். அங்கே லேத் இல்லை. நான் இரண்டு முறை பார்க்கப் போனேன். இரண்டு முறையும் நன்றாக இருக்கிறேன் என்றான்.

அம்மாவின் கதைதான் கொடுமை. அவள் என்மேல் கோபப்படவே இல்லை. அம்பத்தூர் ஸ்டேஷனில் என்னைக் கண்டால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். என் அறிக்கை இல்லாவிட்டால் பெரிய ஜெயிலில் போட்டிருப்பார்கள் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அதை அப்படியே நம்பிவிட்டாள். அக்கம்பக்கத்தில் எந்தப் பிள்ளை மாட்டினாலும் அதன் தாயை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். நான் உள்ளுக்குள் செத்தேன், ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பையன் வெளியே வந்தான். வெளியே வந்தவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்து எழுதுவதும் என் வேலைதான். போனேன். மீசை வந்திருந்தது. என்னைவிட உயரம். பட்டறையில் கேட்டுப் பார்த்தாயா என்றேன். கேட்டானாம். அந்த இடத்தில் வேறு பையன் வேலை கற்று, பெரிய ஆளாகவும் ஆகிவிட்டான். முதலாளி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். இப்போது பேட்டையில் லோடு ஏற்றப் போகிறான். சொல்லும்போது அவன் குரலில் ஒன்றுமில்லை.

வெயிலில் வந்திருக்கிறேன், கலர் சோடா குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி, அம்மா கடைக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் நான் ஆரம்பித்தேன். கோர்ட்டில் அன்றைக்கு ஒரு தப்பு நடந்தது, அந்தத் தப்பு என்னுடையது, உன் அம்மா சொன்ன ஒரு சொல்லை நான் எழுதிய விதம், என்று இழுத்தேன். முழுதாகச் சொல்லி முடிக்க அவன் விடவில்லை.

"தெரியும்மா. பள்ளில மத்த பசங்க கேஸெல்லாம் பாத்துதான் புரிஞ்சிகினேன். ஜட்ஜய்யா எங்கம்மாவைக் கேட்டாரு பாரு, அப்போ நீ தலையத் தூக்கின. சொல்லிடுவன்னு நெனச்சேன். அப்பால குனிஞ்சிகின."

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"எங்கம்மாக்கு மட்டும் சொல்லிடாத. நீ இன்னா நெனச்சாலும் எனக்கு இன்னா. தான் சொன்ன வார்த்தையாலதான் புள்ள உள்ள போனான்னு தெரிஞ்சா, அது தாங்காது."

மூன்று வருடமாக நான் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன். என் மானம், என் வேலை, என் குற்ற உணர்ச்சி. அவன் உள்ளே உட்கார்ந்து, அம்மாவுக்கு இது தெரியாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்திருக்கிறான். மன்னிப்பு கேட்கக்கூட எனக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. கேட்டு என் பாரத்தை இறக்கி வைத்தால், அது நேரே அவள் தலையில்தான் விழும்.

அம்மா கலர் பாட்டிலோடு வந்தாள். கூடவே இன்னொரு பெண், கண்ணெல்லாம் சிவந்து வீங்கி. அவள் பிள்ளையை முந்தின நாள் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். "இவ புள்ளைக்கும் நீயே எழுதும்மா" என்றாள் அம்மா, "உன் கையால எழுதினா போதும்." பையன் நான் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் நோட்டைத் திறந்து, அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதினேன். எழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.