பிக்கலின் வலது கை

"போர்ட் எல்லிஸ்காரனுங்க பாட்டுக்கு என் கை ஒரு அடி அடிச்சுதுன்னா, மணிக்கட்டோட வெட்டி மெஸ் சூப்புல போட்டுடுங்கடா. உப்புகூடப் போட வேணாம்!"

இதைச் சொல்லும்போது சார்ஜென்ட் ஹோரஸ் பிக்கல் பெரிய முரசின் தோலை அடுப்பருகே காட்டிக் குளிர் போக்கிக்கொண்டிருப்பார். ஆஷ்ஃபீல்ட் இராணுவக் கல்லூரியின் பேண்டில் முரசு அவர் பொறுப்பு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அந்த நாட்டு ஃபுட்பாலின் பருவம் வந்தால் இந்தச் சபதமும் வந்துவிடும். இலையுதிர்வுகூடச் சில வருடம் பிந்தியதுண்டு, இது பிந்தியதில்லை. போர்ட் எல்லிஸ், ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள கடற்படைக் கல்லூரி. ஜெர்மனியும் ஜப்பானும் நேற்று வந்த எதிரிகள். பிக்கலுக்குப் போர்ட் எல்லிஸ்தான் பரம்பரை எதிரி.

சபதம் செய்த கையை அவர் பேணும் விதமே தனி. சூப் குடிப்பது, கதவு திறப்பது எல்லாம் இடது கை. வலது கை முரசுக்கும் சல்யூட்டுக்கும் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அது கோட்டுப் பைக்குள் அதிமதுர மிட்டாய்களோடு ஓய்வெடுக்கும். ஓய்வு என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே விரல்கள் ஆஷ்ஃபீல்ட் பாட்டைத் தட்டிக்கொண்டேயிருக்கும்.

இந்த நேரம் பார்த்து உலகப் போர் குறுக்கே வந்தது.

பிக்கலின் மகன் எமெட் போன பருவத்தில் ஆஷ்ஃபீல்ட் சட்டை போட்டுக்கொண்டு போர்ட் எல்லிஸ் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடியவன். கோடையில் அரசாங்கம், கப்பலுக்கு அதிகாரிகள் போதவில்லை என்று மாணவர்களை வாரிக்கொண்டு போனதில் அவன் போர்ட் எல்லிஸில் போய் விழுந்தான்.

"கூப்பிட்டாங்க, போனான். சரி, ஒத்துக்கறேன்," என்பார் பிக்கல். "ஆனா அவனுங்க சட்டையப் போட்டுக்கிட்டு அவனுங்க பந்தைத் தூக்கிட்டு ஓடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

மகன் தொலைபேசியில் கூப்பிட்டால், "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு மனைவியிடம் கொடுத்துவிடுவார். பருவம் முடிந்ததும் பையன் கப்பலேறப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும். அப்பனும் பிள்ளையும் அதுவரை வானிலையைத் தாண்டவில்லை.

அடுத்து வந்தது கல்லூரித் தலைவரான கமாண்டன்ட்டின் உத்தரவு. பெட்ரோலும் ரயிலும் படைக்கே பற்றவில்லை. எனவே போர்ட் எல்லிஸிலிருந்து ஆட்டக்காரர்கள் மட்டும் வருவார்கள், ஆரவாரம் செய்ய ஆள் வராது. விருந்தாளி அணி அநாதையாக ஆடக் கூடாது. ஆகையால் நம் மாணவர்களிலேயே வடக்கு விடுதி ஆஷ்ஃபீல்டுக்குக் கத்தும். தெற்கு விடுதி போர்ட் எல்லிஸுக்குக் கத்தும். பேண்டும் அவ்வாறே.

ஊதுகுழல்களைப் பாதியாகப் பிரித்தார்கள். முரசு ஒன்றுதான் இருந்தது. பேண்டு மாஸ்டர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "முரசுக்கு ரெண்டு முகம் இருக்குல்ல, சார்ஜென்ட்? வலது முகம் நமக்கு. இடது முகம் அவங்களுக்கு."

டிராம்போன் ஊதும் ஃபிங்குக்கு இது போதாதா? "என்ன சார்ஜென்ட், சூப்ப அடுப்புல ஏத்தச் சொல்லட்டுமா?"

பிக்கல் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இடது கை என்னோடது இல்லடா. அதைக் கமாண்டன்ட் எடுத்துக்கிட்டாரு, ஆட்டம் முடியறவரைக்கும். வலது கை பேசினாதான் நான் பேசினதா அர்த்தம்."

தெற்கு விடுதி முதல் நாள் முனகியது. ஒரே வாரத்தில் தன்னை மறந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் வடக்கின் மேல் உருளைக்கிழங்கு பறந்தது. கடலைக் கண்ணால் கண்டிராத ஒருவன் மேசைமேல் ஏறி, "நாங்க கடல்காரனுங்கடா!" என்று மார்தட்டினான்.

ஆட்டத்தன்று எமெட் பந்தை இடுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தான். தெற்கு உத்தரவுப்படி கத்தியது. வடக்கோ போன வருடப் பழக்கத்தில், "ஓடுடா எமெட்டு!" என்று அதைவிடப் பலமாகக் கத்தியது. இரண்டு பாட்டும் ஒரே நேரத்தில் கிளம்பின. அப்புறம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிக்கலின் இரண்டு குச்சிகளும் அந்தரத்தில் நின்றன. எந்த முகத்திலும் விழவில்லை. எல்லோருமே கொண்டாடியதால், ஆஷ்ஃபீல்ட் தோற்றுவிட்டது என்பது சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

ஆட்டம் முடிந்து ஊதல் ஊதியபோதே உத்தரவும் முடிந்துவிட்டது. ஆனாலும் மாலையில் பிக்கல் ரயில் நிலையத்தில் நின்றார். மிட்டாய் வாங்க வந்ததாக ஃபிங்கிடம் சொன்னார். கடை பூட்டிக் கிடந்தது.

எமெட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "அடுத்த வாரம் கப்பல்ப்பா."

"அங்க மழையா இருக்கும்."

"கடல்ல மழை பேஞ்சா என்னப்பா, பேயாட்டி என்னப்பா? எல்லாம் தண்ணிதான்."

பிக்கல் பையிலிருந்த மிட்டாய்களையெல்லாம் இடது கையால் அள்ளி அவனிடம் கொடுத்தார். வண்டி அசைந்தது.

அப்போது வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. ஜன்னலுக்குக் கீழே ரயில் பெட்டியின் மேல் பதிந்து மெல்லத் தட்டத் தொடங்கியது. ஆஷ்ஃபீல்ட் பாட்டு அல்ல. வண்டியோடு கூடவே நடந்தார் பிக்கல். பிளாட்பாரம் முடியும்வரை போர்ட் எல்லிஸ் பாட்டில் ஒரு அடிகூடத் தப்பவில்லை.