சாத்தூர் வரை அழுத்திய பை

பட்டாசுக் கம்பெனியில் நீட்டுகிற தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகியவன் நான். மதுரை ஆஸ்பத்திரியில், என் எட்டு மாதப் பெண் குழந்தை இனிப் பிழைக்க வழியில்லை, மெஷின்தான் மூச்சு விடுகிறது என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். அதிலும் அப்படியே போட்டேன். மெஷினை டாக்டர் நிறுத்துவார் என்று நினைத்தேன்.

"வீட்டுக்குக் கொண்டுபோறதா எழுதிக் குடுத்திருக்கீகள்ல" என்ற நர்ஸ், குழந்தையின் வாய்க்குழாயில் மாட்டிய ரப்பர் பையை என் கையில் கொடுத்து, மெஷினுக்குப் பதிலாக அதை அழுத்தி மூச்சுக் கொடுக்கக் கற்றுத்தந்தார்.

"எப்ப நிப்பாட்டணும்?"

"வீட்டுக்குப் போனதும்." அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் சாத்தூரில் எங்கள் வாசலில் நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தேன். விட்டால் கொலையாகிவிடுமோ, போலீஸ் வருமோ என்று பயம்.

கூடவே வந்த என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும், விடுங்க. பிள்ளை மூஞ்சியப் பாருங்க."

விட்டேன்.

வழியிலேயே உயிர் போய்விட்டது என்று ஊரில் சொல்லிவிட்டோம். அந்தப் பொய்கூட என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. மதுரையிலிருந்து வீடு வரை அந்தப் பையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். மனைவி சொன்ன பிறகுதான் குழந்தையைப் பார்த்தேன்.