சுருளியம்மாள் சொன்ன மூன்றாவது கதை

சுருளியம்மாள் பொய்யே சொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கங்காணியிடம் கூசாமல் புளுகுவாள். லீவுக்காக அவளுடைய மாமியார் மூன்று தடவை செத்திருக்கிறாள். ஆனால் படக்கதை சொல்லும்போது மட்டும் ஒரு சொல் பொய் வராது.

பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே இருந்தது அவள் வேலை பார்த்த தேயிலைத் தோட்டம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி, பட்டப்பகலில் படம் போடுவார்கள். பாதி நாள் இந்தி, மீதி நாள் இங்கிலீஷ். அப்போதெல்லாம் சுருளியம்மாள் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கதை சொல்லுவாள். அவளுக்கும் அந்தப் பாஷை தெரியாது. முகத்தைப் பார்ப்பாள், சொல்லுவாள். அடிவாரத்துக் கம்பம் ஊரிலிருந்து பன்னிரண்டு வயதில் மலையேறி வந்து முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். கொழுந்து எது, முற்றல் எது என்று பார்த்ததும் பிரிக்கிற கண்ணுக்கு அழுகை எது, பாசாங்கு எது என்று தெரியாதா என்ன?

"பாத்ததச் சொல்லுவேன். பாக்காதத எங்கிட்டக் கேக்காதீக" என்பாள்.

எழுபத்தேழில், மழை விட்ட ஒரு ஞாயிறன்று, எர்ணாகுளத்துப் பட சங்கத்திலிருந்து ஜப்பான் படம் ஒன்று வந்தது. எல்லாம் கையால் வரைந்த உருவங்கள். அவை நடந்தன, அழுதன. வருங்காலத்தில் நடக்கிற மூன்று தனித்தனிக் கதைகள், ஒரே படத்துக்குள். கூடவே இங்கிலீஷில் அச்சடித்த விளக்கத் தாள் ஒன்றும் வந்தது. அதைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த மலையாளத்து வெல்ஃபேர் ஆபீசர் படித்துத் தொலைத்தார்.

முதல் கதையில் மழை தரையிலிருந்து மேலே பெய்தது. ஊர்க்காரர்கள் மிதந்து போய்விடாமல் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி மட்டும் கல்லை அவிழ்த்துவிட்டு மேலே போனாள்.

"ஏன்த்தா போறா?" என்று கேட்டாள் பக்கத்து லயத்து வீட்டுப் பூமாரி.

"மேல அவ புருசன் இருக்கான். ஆரம்பத்துலயே கூரையில ஒரு ஆம்பளச் செருப்புத் தொங்குச்சே, அத அவ தொட்டுத் தொட்டுப் பாத்தாளே, கவனிக்கலையா?"

இரண்டாவது கதையில் ஒரு ஆலைத் தொழிலாளி. அவன் தூங்கும்போது இரண்டு கைகளும் தோளிலிருந்து கழன்று, விரலால் நடந்து, தாமாகவே வேலைக்குப் போயின. அவன் விழித்தெழுந்து, எதிரே இருந்த சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சுருளியம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் தாளோடு எழுந்துவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. இந்தக் கதையோட குணபாடம் என்னன்னா, நல்ல தொழிலாளியோட கை லீவு கேக்காது. ஆள் உறங்கினாலும் அது பணிக்குப் போகும்."

சுருளியம்மாளுக்கு உச்சி வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அவன் மூஞ்சியப் பாத்தீகளா? முன்னால சோறு இருக்கு. எடுத்துத் திங்கக் கை இல்ல. இதுலயா பாடம் கண்டீக?"

"பேப்பர்ல எழுதியிருக்கு."

"எழுதுனவரு ஒரு வேள பட்டினி கெடந்திருக்க மாட்டாரு."

"மிண்டாம இரி. இன்னும் பேசினா படத்தை நிறுத்திடுவேன்."

"அவன் அழுகுறான் சார். அழுகுறவன அழுகுறான்னுதான் சொல்லுவேன்."

ஆபீசர் கையைக் காட்டினார். மிஷின் நின்றது. சாக்குகளை அவிழ்த்தார்கள், வெளிச்சம் வந்து திரை வெறும் வேட்டியாகிவிட்டது. அந்தக் கைகள் அப்போதுதான் ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. இருநூறு பேர் பாதிக் கதையோடு எழுந்து போனார்கள்.

சுருளியம்மாள் மிஷின்காரர் சின்னமுத்துவிடம் ஓடினாள். "அண்ணே, மிச்சத்தயாச்சும் போடுங்கண்ணே."

"ஆபீசர் வேணாங்கும்போது நான் என்னத்தா செய்ய? பொட்டி இப்பவே எர்ணாகுளம் போகணும்."

மூன்றாவது கதை இருந்த தகரப் பெட்டியை அவள் தொட்டுப் பார்த்தாள். திறக்காத பெட்டி சில்லென்று இருந்தது.

மறுநாள் கொழுந்துக் காட்டில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "மூணாவது கதை என்னத்தா? நீயா ஒண்ணு கட்டிச் சொல்லேன்" என்றாள் பூமாரி.

சொல்லியிருக்கலாம். கங்காணியையே ஏய்க்கிற வாய்க்கு ஒரு கதை கட்டுவது பெரிய காரியமா? ஆனால் அவள் ஒரு கதையை இட்டு நிரப்பிவிட்டால், அந்த ஆபீசர் படத்தை நிறுத்தியதே ஊருக்கு மறந்துவிடும். அவர் செய்ததை மூடிவைக்க அவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஒரு நிரைச் செடியை முழுக்கக் கிள்ளி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மூணாவது கதையில ஒரு ஆபீசர் வாராரு. கையில ஒரு காயிதம். முன்னால எரநூறு சனம் உக்காந்திருக்கு, ஒருத்தர் மூஞ்சியும் அவருக்குத் தெரியல. காயிதம் மட்டுந்தான் தெரியுது. ஒருத்தி எந்திரிச்சு, அவன் அழுகுறான் சார்ங்கிறா. படத்த நிப்பாட்டிர்றாரு. அம்புட்டுத்தேன் கதை."

காடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தக் கதை தோட்டத்தில் டிவிஷன் டிவிஷனாகப் போனது. கல்யாண வீட்டில் சொல்லச் சொன்னார்கள், குழாயடியில் சொல்லச் சொன்னார்கள். எங்கே சொன்னாலும் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆபீசரே அவள் நிரைக்கு வந்து நின்றார்.

"அந்தக் கதையை இனிச் சொல்ல வேண்டாம். அது படத்துல இல்லாதது."

சுருளியம்மாள் கை நிற்கவில்லை. கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் போட்டுவிட்டு அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் பாத்தது அம்புட்டுத்தேன் சார். மிச்சத்தக் கொண்டாந்து போடுங்க, பாத்துட்டு மாத்திச் சொல்றேன்."

பெட்டி வரவே இல்லை. அவள் கதையையும் மாற்றவே இல்லை.