எதிர்வீட்டுப் பாவும் என் அவரை விதையும்

நான் மண்ணில் விதை போட்டால் அன்றைக்கே மழை கொட்டும் என்று ஆரணியில் ஒரு தெரு முழுக்க நம்பியது. அது எங்கள் தெரு. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை, நிஜமாகவே கொட்டியது.

மாடித் தோட்டம் ஆரம்பித்த வருடம் அது. ஆடி பிறந்திருந்தது. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானக் காற்று கொடியில் காயும் துணியைக் கிளிப்போடு தூக்கிக்கொண்டு போகும். சாயங்காலம் என்ன நடக்கும் என்பது வானத்துக்கே தெரியாது. முதலில் வெண்டை போட்டேன். அன்று பெய்த மழையில் தொட்டி வழிந்து, விதையெல்லாம் குழாய் வழியே இறங்கிப்போய், எதிர்வீட்டு வாசலில் சாக்கடை ஓரமாக முளைத்தது. மேலே நான் மண்ணைக் கிளறிக்கிளறித் தேடிய செடி கீழே ஜம்மென்று நின்றது. பிறகு கீரை விதையை மணலில் கலந்து தூவிவிட்டுக் கை கழுவப் போனேன், கையைத் துடைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கத்தரி விதைத்த அன்று எங்கள் தெருவில் மட்டும் பெய்தது. பக்கத்துத் தெருவில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் எனக்கு முன்பே கவனித்தவர் எதிர்வீட்டு அண்ணன். பட்டுத் தறி போட்டிருப்பவர். புடவையின் நீளவாட்டு இழைகளான பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவிட வேண்டும். அந்த நேரத்தில் மழை அடித்தால் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் அது பாவு இல்லை, தலைவலி. நான் விதை போட்ட நாளாகப் பார்த்து அவரும் பாவு இழுத்து, ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டார். அடுத்த தடவை இழுக்கும் முன்னால் எங்கள் வாசலுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு மாடியில் ஏதாவது போடுகிற உத்தேசம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று மழை வரவில்லை. விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அதன் பிறகு பாவு இழுக்கிற எல்லோரும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் இழுத்தார்கள். என் கணவர் சேத்துப்பட்டுக்கு வேலைக்குப் போகிறவர், செல்போனில் வானிலை பார்க்காமல் பல்கூடத் துலக்க மாட்டார். வாசலில் நிற்கும் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “மழைக்காரம்மா இருக்காங்களா” என்பார்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை நீ நம்பினாயா என்று கேட்டால், சும்மா இருக்கும்போது நம்பவில்லை. யாராவது வந்து கேட்கும்போது மட்டும் கொஞ்சம் நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு முகூர்த்தப் புடவை நெய்தவர், முதல் தடவையாகச் சொந்த மகளுக்கு நெய்யப் போகிறார். மாம்பழ நிறம், மகளே பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் சாயம் போட வைத்தது. மறுபடி போட்டால் இதே நிறம் வராது என்று சாயக்காரர் கையை விரித்துவிட்டார். பாவு இழுப்பதற்கு முந்தைய நாள் அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“நாளைக்கு ஒரு நாளு மட்டும் ஒண்ணும் போடாதீங்கமா. எங்க பொண்ணு பாவு. வேற பட்டு இல்ல.”

உள்ளே ஈரத்துணியில் அவரை விதை ஊறிக்கொண்டிருந்தது. பெரணமல்லூர்ச் சித்தி கொடுத்தனுப்பிய ஒரே ஒரு பிடி. ஊறிய விதை நல்ல நாள் பார்க்காது. ஆனாலும் போடமாட்டேன் என்று தலையாட்டினேன்.

காலையில் மாடியிலிருந்து பார்த்தேன். பாவு தெருவில் மஞ்சளாக நீண்டு கிடந்தது. கஞ்சிச் சட்டியை அப்போதுதான் வெளியே கொண்டுவந்தார்கள். துணியைப் பிரித்தால் விதையெல்லாம் வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. கை பரபரத்தது. மூட்டையை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்து போளூர்ப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு மேகம் கிளம்பி வந்தது.

தெருவில் ஒருவர்கூட மேகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போலீஸிடம் மாட்டியவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கி, “நான் போடலீங்க” என்று கத்தினேன்.

கத்தி என்ன பயன், முதல் துளி என் மூக்கில் விழுந்துவிட்டது. கத்தரி நாற்றுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து அப்படியே கீழே வீசிவிட்டு ஓடினேன். அதற்குள் ஆளாளுக்குக் குடை, கோணி, போர்வை என்று கிடைத்ததைத் தூக்கி வந்திருந்தார்கள். யாரோ தன் பேரனின் காதுகுத்து பேனரைக் கொண்டுவந்து பாவுக்கு மேலே பிடித்தார்கள். மழை வெளுத்து வாங்கியது. தெருவே தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு நனைகிறது, நடுவில் பேனரில் அந்த மொட்டைக் குழந்தை பல்லில்லாமல் சிரிக்கிறது. எனக்குத் தாங்கவில்லை. நான் ஆரம்பித்த சிரிப்பு அந்தக் கோடி வரைக்கும் போனது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, பாவின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை பார்த்துக்கொண்டே போனார்.

மழை விட்டதும், ஒரு இழைகூடச் சிக்கவில்லை என்றார் அண்ணன். மேலே என் கத்தரி நாற்று மொத்தமும் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தது. அதைவிட, மழைக்காரம்மா பதவி போயிற்றே என்பதுதான் எனக்கு வருத்தம். விதை போடாமலே மழை வந்துவிட்டால் என்னை யார் மதிப்பார்கள்? அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“நீங்க போடாம வெச்சிகினு இருந்தீங்க இல்ல, அதாம்மா தேடிகினு வந்துட்ச்சி. அதுக்குண்டான மழை இன்னிக்கே பெஞ்சிட்ச்சி, நாளைக்கு ஜல்தியா போட்டுடுங்க.”

மறுநாள் வெயில் ஏறுமுன் அவரே மாடிக்கு வந்துவிட்டார். கடைசி விதை மண்ணுக்குள் போகும்வரை பக்கத்திலேயே நின்றார். பொறுமை தாங்காமல் ஒன்றை அவரே எடுத்து முளை மேலே இருக்கும்படி குத்தினார். நான் திருப்பி வைத்தேன். பிறகு கீழே போய்ப் பாவை இழுத்தார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. கஞ்சி ஏறிய பாவு விறைத்துப் பளபளத்தது. என் தொட்டி மண்ணும்தான் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, வராதே, வராதே என்று வானத்தைக் கெஞ்சினேன். தோட்டம் போட்ட நாளாக நான் மழை வேண்டாம் என்று கேட்டது அன்றைக்குத்தான். பதவியெல்லாம் மறந்தே போயிருந்தது. அந்த மஞ்சள் ஒரு கல்யாணப் பெண்ணின் மேல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அண்ணன் பாவைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை காத்திருந்து, இப்போது வரலாம் என்று மேகத்துக்கு அனுமதி கொடுத்தேன்.