முப்பத்தாறு இஞ்ச் இடுப்பு

டெய்லரம்மாவுக்கு ஆட்களின் முகம் ஞாபகம் இருக்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். அவர் தாண்டிப் போய் நாலு எட்டு வைத்த பிறகுதான், 'அட, இடது தோள் இறங்கின நீலச் சட்டைக்காரர்' என்று பிடிபடும். இருபது வருஷமாக ஆல்ட்ரேஷன் கடை நடத்துகிறவளுக்கு அது போதும். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷினும் ஆளுயரக் கண்ணாடியும் போட்ட இடம். சட்டென்று நிமிர்ந்தால் தலை இடிக்கும். பருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பாள். எந்த வேலை அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

கழுத்தில் இஞ்ச் டேப்போடுதான் மார்க்கெட்டுக்குப் போவாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட அன்றும் அதோடுதான் போனாள். கையெழுத்துப் போடக் குனிந்தபோது டேப் நழுவி மேஜையில் விழ, பதிவாளர் அதை யாரோ தவறவிட்ட பொருள் என்று டிராயருக்குள் போடப் போனாராம். அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அண்ணி இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வேறு நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். வளாகத்து லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும், அவரும் அடிக்கடி வருவார். வரும்போதெல்லாம் கிழிந்த பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"என்னங்க, நல்லா இருக்கிற பேன்ட்டை எல்லாம் நீங்களே கிழிச்சுக்கிட்டு வர்றீங்களா?"

"ஆமாங்க" என்றார் அவர்.

அவ்வளவுதான் காதல் கதை. அவளுக்கு நாற்பத்து மூன்று, அவருக்கு ஐம்பதுக்கு ஒன்று குறைவு. அந்த வயதில் இதைவிட நீட்டி முழக்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

கல்யாணமாகி மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு அவருடைய வேலை அனுமதி முடியும் காலம் வந்தது. கணவன் என்ற உரிமையில் இங்கேயே தங்க விண்ணப்பம் போட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தது. 'உங்கள் திருமணம் உண்மையானது என்பதற்குப் போதிய சான்று இல்லை. நாற்பது நாட்களுக்குள் சான்று அளிக்காவிட்டால் விண்ணப்பதாரர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.' அவள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்தெல்லாம் மங்கிவிட்டது.

அண்ணிக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கேட்ட எதுவும் இவர்களிடம் இல்லை. போட்டோ என்று பார்த்தால் மொத்தம் நாலு. அதில் இரண்டில் லிஃப்ட் மட்டும்தான் இருந்தது. வக்கீல் அவர்களுடைய போனை வாங்கி மெசேஜ்களை விரலால் தள்ளிக்கொண்டே போனார். போகப் போக முகம் தொங்கிவிட்டது.

"ஆயிரத்துச் சொச்சம் மெசேஜ் இருக்கு. அவர் 'இறங்கிட்டேன்'ங்கறார். நீங்க 'சரி'ங்கறீங்க. மூணு வருஷமும் இதேதானா?"

"லிஃப்ட் மேல ஏறி வேலை பாக்கிறவர் சார். பத்திரமா கீழ வந்துட்டா எனக்குச் சொல்லுவார். நான் சரிம்பேன்" என்றாள்.

"பாசமா ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் எழுதுற விஷயமா சார்?" என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் வெட்கத்தோடு.

பத்து நாள் இப்படியே ஓடியது. அண்ணி தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதில் பாதி, அந்தக் கல்யாணத்துக்காகத் தான் வாங்கிய செருப்பு கடித்த கதை. அதையும் வக்கீல் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் வக்கீலே கடைக்கு வந்தார். கோர்ட்டுக்குப் போடும் கோட் பொத்தான் மாட்டமாட்டேன் என்கிறது. அவள் அவரை நிற்கவைத்து அளந்துவிட்டு, தடிமனான அளவு நோட்டை எடுத்து, 'செருப்புக் கடிதத்துக்கார வக்கீல்' என்று எழுதிப் பக்கத்தில் அளவைப் போட்டாள். வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"பேர் எழுத மாட்டீங்களா?"

"பேர் எங்க சார் ஞாபகம் இருக்கு?"

அவர் சிரித்தபடி மேல்வரியைப் படித்தார். "இதென்ன, 'குண்டு, 36'? யாருங்க இந்தக் குண்டு?"

டெய்லரம்மாவின் காது சிவந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர்."

வக்கீல் கோட்டைக் கழற்றக்கூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். நாலு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் 'சாம்பல் பேன்ட், இடுப்பு 33'. பிறகு 'லிஃப்ட்காரர், 33'. கொஞ்ச நாளில் வெறும் 'லிஃப்ட்'. அடுத்து 'அவர், 34½'. கல்யாணம் முடிந்த மறுவாரம் 'இவர், 35'. அங்கிருந்து 'குண்டு'வுக்கு வர ஆறு மாதம் பிடித்திருந்தது. ஓரத்தில் அவள் வழக்கமாக எழுதும் குறிப்புகள் வேறு. 'நேராக நிற்கமாட்டார்.' 'முழங்கால் வலி, தொடையில் தாராளமாக விடவும்.' 'சிரிக்கவைக்கிறார், அளவு தப்பியிருக்கலாம்.' ஓரிடத்தில், 'இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. பழைய அளவே போதும்.'

"அம்மா, இந்த நோட்டை எந்தக் கொம்பனாலும் ஜோடிக்க முடியாது!" வக்கீல் எழுந்து நின்று தலையை இடித்துக்கொண்டார். "முன்னாடியும் பின்னாடியும் எத்தனை பேரோட அளவு, எல்லாம் தேதி வாரியா! இது ஒண்ணு போதும்!"

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "வேண்டாம் சார். அது வேற வாடிக்கைக்காரங்க அளவெல்லாம் இருக்கிற நோட்டு" என்று இழுத்தாள். அவர் காதில் வாங்கவே இல்லை. நோட்டு போய்விட்டது.

வாடிக்கைக்காரர் என்பதெல்லாம் சாக்கு. விஷயம் வேறு. அந்த 36 பொய்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அளந்தபோது டேப் முப்பத்தேழு காட்டியது. அவள் விளையாட்டாகச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து வெள்ளரிக்காயும் தண்ணீரும்தான். சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அசையவில்லை. ஆறாம் நாள் பன்னிரண்டாவது மாடி உயரத்தில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்றவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட வேலை செய்தவர் காலரைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கு 'இறங்கிட்டேன்' ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. அந்த ஒரு மணி நேரத்தை அவள் எந்த ஜன்மத்திலும் மறக்கமாட்டாள்.

மறுநாளே அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி மறுபடி அளந்தாள். "பழைய டேப் நனைஞ்சு சுருங்கிப்போச்சுங்க. புது டேப்ல பாருங்க, முப்பத்தாறுதான்" என்றாள். அவர் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு எப்போது அளந்தாலும் வாய் முப்பத்தாறு சொல்லும், கை முப்பத்தாறு எழுதும், கத்தரிக்கோல் மட்டும் நிஜ அளவுக்கு வெட்டும். துணியிடம் பொய் சொல்ல முடியாதே. ரெடிமேட் பேன்ட் வாங்கி வந்தால் அளவு போட்ட பட்டையைப் பிரித்து எறிந்துவிட்டுத்தான் அவர் கையில் கொடுப்பாள். அவரோ, "கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து அதே முப்பத்தாறு!" என்று அவள் அண்ணனிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

இப்போது அந்த நோட்டு அரசாங்கத்தின் மேஜையில். அவரிடம் சொல்லிவிடலாம் என்றால் மறுபடி வெள்ளரிக்காய் பயம். சொல்லாமல் இருந்தால் அதிகாரி கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தனித்தனியாகத்தான் உள்ளே விடுவார்களாம். முதலில் அவள். அதிகாரியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நோட்டின் பக்கங்களில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்கிற சாதியாகத் தெரியவில்லை.

"முப்பத்திமூணு, முப்பத்திநாலரை, முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. கல்யாணம் ஆன ஆறு மாசம் வரைக்கும் ஏறிக்கிட்டே வருது. அதுக்கப்புறம் பதினோரு தடவை அளந்திருக்கீங்க. பதினோரு தடவையும் முப்பத்தாறு. ஒரு அரை இஞ்ச் கூட மாறலை." நிமிர்ந்து பார்த்தார். "அளக்காமலேயே உக்காந்து எழுதின மாதிரி இருக்கே?"

டெய்லரம்மா துணிந்துவிட்டாள்.

"அது பொய்ங்க மேடம்."

அதிகாரியம்மாவின் பேனா நின்றது. "எது பொய்?"

"இடுப்பு."

"கல்யாணம்?"

"அது நிஜம்."

பிறகு வெள்ளரிக்காயிலிருந்து பட்டை பிரித்தது வரை ஒன்றுவிடாமல் கொட்டினாள். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள். அதிகாரியம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"நிஜ அளவு என்ன?"

"முப்பத்தொன்பதரை. சாப்பிட்டு அளந்தா நாப்பது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் வெளியே வர, அவர் உள்ளே போனார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாசல் காவலாளியின் பேன்ட் ஒன்றரை இஞ்ச் நீளம் என்று மனசுக்குள் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் நினைக்கத் தைரியமில்லை. அரசாங்க ஆபீசில் போய், அதுவும் தன் வாயாலேயே, 'பொய்' என்ற வார்த்தையைச் சொன்னவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள். "என்ன கேட்டாங்க?"

"யாரு முதல்ல எழுந்திருக்கிறது, யாரு டீ போடுறதுன்னு. சும்மா. உன்கிட்ட?"

"சும்மா கடையைப் பத்தி."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. வெளியில் எப்போதும்போல் வளைய வந்தாலும் அவளுக்குள் ஒரே எண்ணம்தான். உண்மையைச் சொல்லி அவரை நாடு கடத்தப்போகிறேன். காலையில் அவர் சட்டை மாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாற்பத்து மூன்று வயது வரை தனியாகத்தான் இருந்தாள், நன்றாகத்தான் இருந்தாள். இப்போது அப்படி இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

கடிதம் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே 'அனுமதி வழங்கப்படுகிறது' என்று இருந்தது. அவள் அப்படியே துணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பேன்ட்டுக்கு வந்தவர் பயந்துபோய், அப்புறம் வருகிறேன் என்று நழுவிவிட்டார். மூச்சு நிதானப்பட்ட பிறகு பக்கத்தைத் திருப்பினாள். முடிவுக்கான காரணங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நாலாவது காரணத்தில் அவள் கண் நின்றது.

'அளவு நோட்டில் கடந்த இரண்டரை ஆண்டுகளாகக் காணப்படும் இடுப்பளவு தவறானது என்று மனைவி ஒப்புக்கொண்டார். உண்மையான அளவு முப்பத்தொன்பதரை அங்குலம் எனத் தெரிவித்தார். தனியே விசாரிக்கப்பட்ட கணவரும் அதே அளவைத் தெரிவித்தார். தமது பணிக்குரிய இரும்பு டேப்பினால் தொடக்கத்திலிருந்தே அளந்து பார்த்து வருவதாகவும், மனைவிக்குச் சிரமம் இல்லாமல் இருக்கும்பொருட்டு, அவர் அளக்கும் ஒவ்வொரு முறையும் தாம் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பதாகவும் கூறினார். இதை மற்றவரிடம் தெரிவிக்க வேண்டாம் என இருவரும் தனித்தனியே கேட்டுக்கொண்டனர். முரண்பாடு திருப்திகரமாக விளக்கப்பட்டது.'

அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'நகல்: விண்ணப்பதாரரின் பணியிட முகவரிக்கு.' அரசாங்கத்திடம் ரகசியம் சொன்னால் அது இப்படித்தான் காப்பாற்றும்.

அவள் அந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தாள். பதினோரு தடவை. அந்தப் பதினோரு தடவையும் மனிதர் சுவாசிக்காமல் நின்றிருக்கிறார். அளந்துமுடித்ததும் அவர் பெருமூச்சு விடுவதை, வேலைக் களைப்பு என்று இவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்தார். வாய் காது வரை இருந்தது. சட்டைப்பையில் அதே நிறக் கவர், ஓரம் கிழிந்திருந்தது. அவள் மேஜை மேலும் கவர் பிரிந்து கிடந்தது. அதை அவர் பார்த்தார். பையில் இருந்ததை அவளும் பார்த்தாள்.

"கிடைச்சிருச்சு" என்றார்.

"ம். படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். "அப்போ ஒரு புது பேன்ட் தை. அள."

அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். அவர் இந்தத் தடவை மூச்சைப் பிடிக்கவில்லை. வயிறு தன் இஷ்டத்துக்குத் தளர்ந்து நின்றது. டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனையையும் சேர்த்தாள். நாற்பது. ஒரு நூல்கூடக் குறையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"முப்பத்தஞ்சு."

"போன தடவை முப்பத்தாறு இல்ல?"

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் குனிந்து டேப்பைப் பார்க்கவில்லை.

"எழுதிக்கோ" என்றார்.