கணக்கில் ஏறாத சுவெட்டர்

எண்பதுகளில் கோலா தெர்லா என்ற மலையூரில் எனக்குக் காய்கறி வியாபாரம். ஒருநாள் கணக்குகளைச் சோதிக்க ஈப்போவிலிருந்து வருமான வரி அதிகாரி ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். மலைக்குளிருக்கு மெல்லிய வெள்ளைச் சட்டை மட்டும் போட்டிருந்தார். ஒவ்வொரு ரசீதையும் புரட்டும் முன் விரல்களைக் குவித்து வாயால் ஊதிக்கொள்வார்.

“வேலையாளுங்க பன்னெண்டு பேரு. சுவெட்டர் மட்டும் நாப்பதா?”

“எல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்து வர்றவங்க சார். அவங்க புள்ளைங்களுக்கும் குளிரும்ல?”

“நல்லா குடுங்க, நான் வேணாங்கல. ஆனா அது உங்க சொந்தச் செலவு லா. வியாபாரச் செலவுன்னு காட்டி வரியைக் குறைக்க முடியாது.”

பிள்ளைகளுக்கான இருபத்தெட்டு சுவெட்டரையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். பாக்கி வரியோடு அபராதமும் கட்டவேண்டும் என்றார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் அவர் நடுங்குவதைப் பார்க்க முடியாமல், மிஞ்சியிருந்த ஒரு சுவெட்டரை நீட்டினேன்.

“வேணாங்க. அப்புறம் இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?”

சிரித்தபடி அதை மடித்து என் கையிலேயே வைத்துவிட்டு, விரல்களை ஊதிக்கொண்டே பஸ் ஏறினார்.

பிறகு அவர் வரவேயில்லை. பிள்ளைகளின் சுவெட்டர்களை இப்போது என் சொந்தக் காசில்தான் வாங்குகிறேன். வருடந்தோறும் அவர் அளவிலும் ஒன்று. வந்தால், எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று இனி அவர் கேட்க முடியாது.